இரண்டாவது அலுமாரி

மூத்த மகன் கட்டாருக்குப் போகும்போது விட்டுச் சென்றவை ஒரு சைக்கிளும், கணினிக்குள் இருந்த இரண்டாவது ஹாட் டிஸ்க்கும்தான். இரவுநேர டேட்டாவை நம்பி, மாதக்கணக்காக அவன் இறக்கி வைத்த விளையாட்டுகள் அதில் இருந்தன.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11ஐ எங்கள் பழைய கணினி ஏற்காது. என் பழைய மாணவர் ஒருவர் வந்து, விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே உபுண்டு லினக்ஸைப் பதித்துத் தந்தார். வினாத்தாள் தட்டெழுதும் எனக்கு அது தாராளம். இளையவன் ஸ்டீமைத் திறந்தான். விளையாட்டுகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. எதுவும் பதிந்திருக்கவில்லை, மீண்டும் இறக்கச் சொன்னது.

"வாப்பா, நானாட கேம் எல்லாம் போயிட்டு."

கணினிக் கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு டிஸ்க்கையும் ஃபோர்மட் பண்ணித் தாறன் சேர்" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் என்பதால் விஷயம் எனக்கு மெல்ல விளங்கியது. இடாப்பில் பெயர் இருக்கிறது. புத்தகம் இருப்பதோ வேறு அலுமாரியில். லினக்ஸில் 'டி டிரைவ்' என்று ஒன்று கிடையாது. இரண்டாவது டிஸ்க்கை ஒரு கோப்புறையோடு பொருத்த வேண்டும். உபுண்டுவில் நாம் சொடுக்கினால்தான் அது பொருந்தும். அதற்கு முன் ஸ்டீமைத் திறந்தால் அலுமாரியே அறையில் இல்லை. டிஸ்க்கின் அடையாள எண்ணைப் பார்த்து, எஃப்எஸ்டாப் என்ற கோப்பில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இஷா தொழுதபின் இரண்டு இரவுகள் போயின. பிறகு ஸ்டீமின் சேமிப்பக அமைப்பில் அந்தக் கோப்புறையைக் காட்டிக் கொடுத்தேன்.

வாசிக்கலாம், எழுத முடியாது என்றது. குற்றவாளி விண்டோஸ். 'விரைவுத் தொடக்கம்' என்ற வசதி இருக்கும்வரை, நிறுத்தினாலும் அது முழுதாய் நிற்பதில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்குகிறது. அந்த டிஸ்க்கில் எழுத லினக்ஸ் துணியாது. விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை அணைத்து, முறையாக நிறுத்திவிட்டு வந்தேன்.

பெயர்கள் உயிர்பெற்றன. ஆனால் விளையாட்டு தொடங்கிய கையோடு நின்றது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட, 2018இல் வந்த புரோட்டன், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் போலி விண்டோஸைக் கட்டுகிறது. அதில் 'சி' எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயர் ஒன்று வருகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் அந்தப் புள்ளி பெயருக்கு ஆகாது. 'கொம்பட்டேட்டா' கோப்புறையை லினக்ஸ் டிஸ்க்குக்கு மாற்றி, பழைய இடத்தில் ஓர் இணைப்பை மட்டும் வைத்தேன். ஓடியது!

இளையவன் சிரிக்கவில்லை. "இது புதுசாத் தொடங்குது வாப்பா. நானாட டீம் எங்க?"

நானாவின் உதைபந்தாட்ட அணி, அவன் போவதற்கு முதல்நாள் இரவு வரை நடத்தியது, இரண்டாவது டிஸ்க்கில் இல்லை. அது முதல் டிஸ்க்கில், விண்டோஸின் 'டொகியூமென்ட்ஸ்' கோப்புறைக்குள் கிடந்தது. கடைக்காரரின் பேச்சை நினைத்ததும் எனக்கு வியர்த்தது. கோப்புறையைப் பிரதிசெய்து போலி விண்டோஸுக்குள் வைத்தேன்.

அணி வந்தது. அடுத்த போட்டி காத்திருந்தது. இளையவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, விளையாடாமலே மூடினான்.

"நானா பெருநாளைக்கு வாறதானே வாப்பா?"