மரங்கள் மாற்றும் மாதங்கள்

பெங்களூருவில் மாதத்தைத் தெரிந்துகொள்ள காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. சாலையோர மரங்களைப் பார்த்தால் போதும். பிப்ரவரியில் மஞ்சள் டபேபுயா. மார்ச்சில் ஊதா ஜகரந்தா. ஏப்ரல், மே வெயிலில் தகதகக்கும் சிவப்புக் குல்மொகர்.

இந்த வரிசை தற்செயலானதல்ல. 1908இல் மைசூர் சமஸ்தானத்தின் பணிக்கு இங்கே வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கும்படி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். 1980களில் வன அதிகாரி நெகின்ஹால் காலத்தில் சுமார் 15 லட்சம் மரங்கள் நடப்பட்டன.

சிட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒக்கலிபுரத்தில் மரங்களுக்கு இடம் குறைவு. தமிழர்கள் நிறைந்த இப்பகுதியிலும் அடுத்துள்ள ஸ்ரீராமபுரத்திலும் பருவங்கள் தள்ளுவண்டியில்தான் வந்து இறங்குகின்றன. கார்த்திகையில் கடலைக்காய். மார்கழிக் குளிரில் அவரைக்காய். பனியில் விளைந்த அவரையின் வாசனைக்குக் கன்னடத்தில் 'சொகடு' என்று தனிப் பெயரே உண்டு. தோலுரித்த பருப்பில் வைக்கும் சாறு, கன்னட வீடு, தமிழ் வீடு என்று பேதம் பார்ப்பதில்லை.

கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசி திங்களன்று பசவனகுடி நந்தி கோயில் முன்பு கடலைக்காய் பரிஷெ நடக்கிறது. முதல் அறுவடையைப் பசவனுக்குப் படைக்கும் விவசாயிகளில் தமிழகத்தின் எல்லை மாவட்டங்களிலிருந்து மூட்டையோடு வருபவர்களும் உண்டு. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி.

ஆனால் ஊரின் உயிர்நாடியைக் காட்டுவது சித்திரா பௌர்ணமி இரவின் கரகம்தான். அதை நடத்தும் திகளர்கள் பரம்பரைத் தோட்டக்காரர்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாகக் கருதப்படுபவர்கள். பெண் வேடம் பூண்ட பூசாரி மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் தாங்கி வர, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகிறார்கள். திரௌபதிக்கான இந்த ஊர்வலம், மஸ்தான் சாகேப் தர்காவிலும் நின்று மரியாதை செலுத்திவிட்டே நகர்கிறது.

தோட்டக்காரர்களின் விழாவில் ஏரிக்கு முக்கிய இடம் இருப்பது இயல்பு. ஏரி நீரை நம்பியே அவர்களது பூவும் கீரையும் விளைந்தன. இன்றோ கரகச் சடங்குகளுக்குரிய சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. ஒக்கலிபுரத்துக்கு அருகிலிருந்த தர்மாம்புதி ஏரியின் மேல் கெம்பேகவுடா பேருந்து நிலையம் நிற்கிறது.

ஏரிகளை இழந்ததன் விலையைப் பருவங்களே வசூலிக்கின்றன. 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலையில் டிராக்டர்களில் அலுவலகம் போனார்கள். 2024 மார்ச்சில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிகளுக்காகக் குடங்கள் காத்துக்கிடந்தன. அதே மார்ச்சில் ஜகரந்தா வழக்கம்போல் பூத்தது.

சம்பங்கி ஏரியில் மிஞ்சியிருப்பது ஒரு சிறு குளம். அதையும் விட்டுவைத்தது கரகம்தான். மற்ற ஏரிகளுக்கு அப்படியொரு திருவிழா வாய்க்கவில்லை.