கேடி யார்?

ஆடத் தெரியாதவருமல்லோம், ஆடத் தெரிந்தவருமல்லோம்! இரண்டுக்கும் இடையே, புராணத்தார் புகலும் திரிசங்குவைப்போல் தொங்கிக்கொண்டிருக்கிறோம். கால்ஃப் எனும் ஆட்டத்தை ஆறாண்டுகளாக ஆடி வருகிறோம். அல்ல, அல்ல! ஆறாண்டுகளாக அந்த ஆட்டம் நம்மை ஆட்டி வருகிறது!

நகைக்காதீர், தோழர்களே! கிரிக்கெட்டில் பந்து பாய்ந்து வருகிறது. பயந்து தவறவிட்டோம் என்று கூறலாம். இங்கோ, 46 கிராம்கூட எடையில்லாத பந்து, புல்லின் மேல் பூனைக்குட்டிபோல் அமர்ந்திருக்கிறது. ஓடவில்லை, ஒளியவில்லை, எதிர்க்கவில்லை. நம்மிடமோ 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. ஓங்கினோம், அடித்தோம். மண் பறந்தது, புல் பறந்தது, நம் மானமும் பறந்தது. பந்து மட்டும் பறக்கவில்லை!

பறந்தால் அதனினும் கேடு. நேரே குறிவைத்தால் வலப்புறம் வளைந்தோடும். இடப்புறமாக நின்று குறிவைத்தோம். அப்போதும் பந்து வலதுசாரியாகவே விளங்கிற்று! “உங்களுக்குச் சனி பிடித்திருக்கிறது” என்றார் உடன் ஆடிய நண்பர். படித்தவர்; பட்டம் பெற்றவர்; ஆயினும் ஒருமுறை வென்றபோது அணிந்திருந்த தொப்பியை இன்றளவும் மாற்றாதவர்! சனிக்கோளுக்கு நம் பந்தின் மேல் என்ன பகை? அடிபடும் நொடியில் கோலின் முகம் சற்றே திறந்திருந்தது; பந்து பக்கவாட்டில் சுழன்றது; சுழன்ற பந்து காற்றை ஒருபுறம் தள்ள, காற்று பந்தை மறுபுறம் தள்ளிற்று. அவ்வளவே! பெரும்பாலான பந்துகளின் மேனியில் 300-க்கு மேற்பட்ட சிறு குழிகள் உள்ளனவே, அவையும் அழகுக்கல்ல. அவை காற்றின் தடையைக் குறைப்பதால், வழுவழுப்பான பந்து செல்லும் தூரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு செல்கிறது. கோளின் குற்றமன்று, கோலின் குற்றம். கோலின் குற்றமுமன்று, அதைப் பிடித்த கையின் குற்றம்!

வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறு என்று 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இந்த ஆட்டத்தைத் தடை செய்தது. அந்தத் தடை நிலைத்திருந்தால் நாம் பிழைத்திருப்போம்!

இந்த ஆட்டத்தில் வியப்பானது ஒன்றுண்டு. நாள்தோறும் ஆடுவோர்க்கு நடுவர் என்று எவரும் உடன் வருவதில்லை. அடித்தவரே அடியை எண்ண வேண்டும். தவறியவரே தவற்றை உரைக்க வேண்டும்.

நீலகிரி மலையில் ஒரு நாள். முதல்நாள் மாலைதான் கூட்டமொன்றில் முழங்கியிருந்தோம்: “மேலிருந்து ஒருவன் கண்காணிக்கிறான் என்ற அச்சம் இல்லாமலே மனிதன் நேர்மையாக வாழ முடியும்!” கையொலி வானைப் பிளந்தது. மறுநாள் காலை, மூன்றாவது அடியில் பந்து முட்புதருள் புகுந்தது. நண்பர் தொலைவில். பை சுமந்து வந்த பெரியவர் சற்றுப் பின்னே. அவரைப் போன்றோரை அங்கே ‘கேடி’ என்கின்றனர். நம் ஊரில் அச்சொல்லுக்குரியோர் பெயர் காவல் நிலையத்துப் பட்டியலில் அல்லவா இருக்கும்!

ஆட இயலாதென்று அறிவித்து, ஓர் அடியைத் தண்டமாக ஏற்றுப் பந்தை வெளியே வைத்து ஆடலாம். சட்டம் அவ்வளவு கருணையுடையது. ஆனால் கால் அசைந்தது. யார் கால்? நம் கால்தான்! பந்து ஒரு சாண் நகர்ந்து பசும்புல்லில் வந்து நின்றது. அடித்தோம். ஆறாண்டில் அப்படியோர் அடி அடித்ததில்லை! வானில் எழுந்து, வளையாமல் சென்று, குழிக்கு அருகே விழுந்தது.

அதன் பிறகு, 108 மில்லிமீட்டர் அகலமுள்ள அக்குழிக்குள் பந்தைத் தள்ள மூன்று அடிகள் ஆயின!

“எத்தனை அய்யா?” என்றார் பெரியவர், அட்டையும் பென்சிலுமாக.

“நீங்கள் எண்ணவில்லையா?”

“நான் எண்ணி என்ன அய்யா? நீங்க சொல்றதுதான் கணக்கு.”

அந்தச் சொல்லில் ஏளனம் இல்லை, ஐயமும் இல்லை. அவர் கண்டாரோ, காணவில்லையோ! நரகத்தை நம்பாத நமக்கு நெற்றி வியர்த்தது. நேற்றைய கையொலி காதிலே ஒலித்தது. ‘ஏழு’ என்ற சொல் நுனிநாக்குவரை வந்து நின்றது.

“ஒன்பது, பெரியவரே. புதரருகே பந்தைக் காலால் தள்ளிவிட்டோம். அதற்கு இரண்டு.”

ஒப்புக்கொண்டு ஆடியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும், ஒளித்ததால் இரண்டாயிற்று! பெரியவர் எழுதிக்கொண்டார். பிறகு மெல்லச் சிரித்து, “ஆனா அந்த அடி நல்ல அடி அய்யா” என்றார்.

புதரருகே இருந்த இருவருள் கேடி யார்? தீர்ப்பு உங்களுடையது, தோழர்களே! நம் பந்து இன்றும் வலப்புறமே வளைகிறது. கணக்கு மட்டும் நேரே செல்கிறது.