நெகடிவில் ஒரு வடு

1929 வாக்கில் பாரிஸில் ஒரு இருட்டறை. காலில் ஏதோ ஊர்ந்தது, எலியாக இருக்கலாம். பயந்துபோன லீ மில்லர் விளக்கைப் போட்டுவிட்டார். டெவலப்பரில் கிடந்த நெகடிவ்களை மேன் ரே அவசரமாக ஹைப்போவில் போட்டார். பிரதி எடுத்தபோது உருவத்தைச் சுற்றி மை தீட்டியதுபோல ஒரு கோடு. மில்லர் பின்னாளில் சொன்ன கதை இது. சோலரைசேஷன் என்ற இந்த விளைவு 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்ததுதான். அதை உருவப்படக் கலையாக்கியவர்கள் இவர்கள்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஸ்டுடியோக்களிலும் இருட்டறை வித்தைகளுக்குக் குறைவில்லை. பரிசோதனை என்றுதான் யாரும் சொல்லவில்லை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருந்ததால் கல்யாண குரூப் போட்டோவும் எல்லை தாண்டியது. பலருக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் அதுதான். ஆள் இறந்த பிறகு, அந்தக் கூட்டத்திலிருந்து முகத்தைப் பிரித்தெடுக்க வேண்டும்.

நான் எடுபிடியாக இருந்த ஸ்டுடியோவில் ஆசான் இதில் கெட்டிக்காரர். குரூப் படத்தை மறுபடி படம் பிடிப்பார். என்லார்ஜரின் வெளிச்சத்தில் அட்டையை ஆட்டிக்கொண்டே பக்கத்து ஆட்களை மறைப்பார். நெகடிவில் கூரான பென்சிலால் புள்ளி வைத்தால் அந்த இடம் பிரதியில் வெளுக்கும், சுருக்கம் மறையும்.

அப்படி ஒரு பனையேறியின் படம் தயாரானது. மனைவி வாங்கிப் பார்த்தார். "இது எனக்க மாப்பிள இல்ல. நெத்தியில உள்ள வடு எங்க?"

மரத்திலிருந்து விழுந்த வடு. அழகுக்காக ஆசான் அழித்திருந்தார். பேசாமல் உள்ளே போய், பஞ்சில் டர்ப்பன்டைன் தொட்டுப் பென்சிலைத் துடைத்தார். டெவலப்பர் தட்டில், சிவப்பு வெளிச்சத்தில், முதலில் புருவம், பிறகு மெல்ல அந்த வடு. ஈரப் பிரதியைக் கண்டதும் அந்த அம்மா அழுதார்.

1922இல் மார்செல் புரூஸ்த் இறந்தபோது, மரணப் படுக்கையில் அவரைப் படமெடுக்க அழைக்கப்பட்டவர் மேன் ரே. அங்கே அவர் எந்த வித்தையும் காட்டவில்லை. தாடி, குழிந்த கண், எல்லாம் அப்படியே. கைவித்தை தெரிந்தவன் எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதை எங்கள் ஆசானுக்குச் சொன்னது அந்தப் பனையேறியின் மனைவி. அதன்பின் பென்சிலை எடுக்குமுன் வீட்டாரிடம் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "முகத்துல எதை விடணும்?"