ரெண்டு பெட்டி போதும்

வீட்டுல உட்கார்ந்து கச்சேரி கேட்க எத்தனை ஸ்பீக்கர் வேணும்? என் மகனைக் கேட்டா ஆறும்பான். நான் ரெண்டும்பேன். இந்த வழக்கு எங்க வீட்டுல ஒரு வருஷமா நடக்குது.

அவன் பக்கமும் நியாயம் இருக்கு. எனக்கு இடது காது மந்தம். முப்பது வருஷம் டீசல் இன்ஜின் பக்கத்துல நின்னு தண்ணி பாய்ச்சினதுக்குக் கிடைச்ச கூலி. "முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு, அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். சுத்தி வச்சுட்டா எந்தப் பக்கம் திரும்பினாலும் பாட்டு கேட்கும்பா"ங்கிறான். பாசத்துல சொல்றான்.

ஆனா பாட்டு கேட்டா மட்டும் போதாதுங்க. யார் எங்க உட்கார்ந்திருக்காங்கன்னும் தெரியணும். மேடையில வழக்கமா பாடகருக்கு வலது கைப்பக்கம் மிருதங்கம், இடது கைப்பக்கம் வயலின். எதிர்ல இருக்கிற நமக்கு மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். நல்ல ஸ்டீரியோ பதிவுல கண்ணை மூடினா இது அப்படியே தெரியும். கச்சேரி நமக்கு முன்னாடிதான் நடக்குது. முதுகுக்குப் பின்னாடி யாரும் வாசிக்கிறதில்ல.

சரவுண்டுக்கு வேலையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். திருவையாறு ஆராதனையில வித்வான்கள் எதிரெதிரா வரிசையா உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவாங்க. கோயில் பிராகாரத்துல நாதஸ்வரம் வாசிச்சா கல்மண்டபமும் சேர்ந்து வாசிக்கும். அதையெல்லாம் அதுக்குன்னே மைக் வச்சுப் பதிவு பண்ணினா ஆறு ஸ்பீக்கர்ல கேட்க சுகமாத்தான் இருக்கும். நான் கேட்கிறதோ பழசு. 1956ல மறைஞ்ச ராஜரத்தினம் பிள்ளை, 1964ல மறைஞ்ச காருகுறிச்சி அருணாசலம். அந்தக் காலத்து நாதஸ்வரப் பதிவெல்லாம் பெரும்பாலும் மோனோ. அதுல இல்லாத பின்பக்கத்தை மெஷின் தானா இட்டுக்கட்டித்தான் கொடுக்கணும்.

என் ஏற்பாடு இதுதான். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஆறடி. என் நாற்காலியிலிருந்து ஒவ்வொண்ணுக்கும் அதே ஆறடி. பெட்டி சுவத்துல ஒட்டாம ஒன்றரை அடி தள்ளியிருக்கு. ஆம்ப்ளிஃபயர்ல பேலன்ஸ் திருகை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினா, என் காதுக்கு ஓரமாப் போன குரல் நடுவுக்கு வந்துடும்.

இன்னொரு விஷயம். அறுவடை முடிஞ்சு கூடத்துல நெல் மூட்டை அடுக்கியிருக்கிறப்போ எதிரொலி அடங்கி, பாட்டு தெளிவாக் கேட்கும். மூட்டையை வித்ததும் கூடம் கணகணன்னு ஆயிடும். உங்க ஃபிளாட்டுல டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல்தானே? ஆறு ஸ்பீக்கருக்கு ஆகிற காசுல ரெண்டு நல்லதா வாங்குங்க. மிச்சத்துல கனமான திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் வாங்கிப் போடுங்க.

போன கேள்வி திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்திக்குங்கன்னு காது டாக்டர் சொல்லிட்டார். அதனால சத்தத்தைக் குறைச்சு வச்சுத்தான் கேட்கிறேன். மிருதங்கம் இடப்பக்கம் இருக்கிறது தெரியிற வரைக்கும் எனக்கு ரெண்டு பெட்டி போதும். அது தெரியாமப் போற அன்னிக்கு, மகன் சொல்ற ஆறையும் வாங்கிக்கலாம்.