அட்டைப்பட அழகியும் இரவல் குரலும்

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1944ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இசை நகைச்சுவைப் படம் 'கவர் கேர்ள்'. இயக்கியவர் சார்ள்ஸ் விடோர். ஜெரோம் கேர்ண் இசையமைக்க, ஐரா கேர்ஷ்வின் பாடல்களை எழுதினார். ரீற்றா ஹேவேர்த், ஜீன் கெலி, பில் சில்வர்ஸ் ஆகிய மூவரும் முதன்மைப் பாத்திரங்களில் வருகிறார்கள்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நியூயோர்க்கின் புரூக்ளினில் டனி என்பவன் நடத்தும் சிறியதோர் இரவு விடுதி. அங்கே குழுவில் ஆடும் பெண் ரஸ்ரி. சஞ்சிகை ஒன்றின் அட்டைப்படத்துக்கு அவள் தெரிவாகிறாள். புகழ் வந்து சேர்கிறது. பணக்காரத் தயாரிப்பாளர் ஒருவர் பிறோட்வே மேடையையும் கூடவே திருமணத்தையும் கொண்டுவந்து நிற்கிறார். அவளோ மணமேடையை விட்டு டனியிடமே ஓடிவந்துவிடுகிறாள். நம்மவர்களுக்கு இதில் புதுமை இராது.

ஆனால், டனியின் பிடிவாதம் சுவையானது. முகத்தைக் கொண்டு அல்ல, கால்களைக் கொண்டே ஒருத்தி மேலே வரவேண்டும் என்பது அவனுடைய கட்சி. சொல்வது சரிதான். சொல்லும் விதத்தில் பாதிக்கு மேல் பொறாமை. தன் விடுதியின் நான்கு சுவருக்குள் அவள் நின்றுவிட வேண்டும் என்ற ஆசையைக் கொள்கையாக உடுத்திக் கொள்கிறான். கெலியின் சிரிப்பு இல்லாவிட்டால் இந்தப் பாத்திரத்தைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் மூவரும் ஓர் உணவுக்கடையில் கூடிச் சிப்பிகளை வரவழைத்து, உண்பதற்காக அன்றி, முத்துக் கிடைக்குமா என்று உடைத்துப் பார்ப்பார்கள். மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதைப் பார்க்கச் சிரிப்பு வரும். முத்துத் தரும் சிப்பி வேறு இனம், மேசைக்கு வரும் சிப்பி வேறு இனம். அந்தக் கடையில் ஆயுள் முழுவதும் உடைத்தாலும் விலைபோகக்கூடிய முத்தைக் காண்பது அரிது. திரைக்கதை எழுதியவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ரஸ்ரியை அச்சஞ்சிகையின் உரிமையாளர் தெரிவுசெய்வது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம் காதலித்த ஒருத்தியின் சாயல் அவளிடம் இருப்பதால். அந்த ஒருத்தி ரஸ்ரியின் பாட்டி. அட்டைப்படங்கள் எக்காரணங்களுக்காகத் தெரிவாகின்றன என்பதை அறிந்தவர்கள், இப்படத்தில் மிகவும் நம்பத்தகுந்த பகுதி இதுவே என்பார்கள்.

படத்தின் சிகரம் கெலியின் தனிநடனம். ரஸ்ரியை இழந்துவிட்டோமோ என்ற தவிப்பில் நள்ளிரவுத் தெருவில் நடந்து வருகிறான் டனி. கடைக் கண்ணாடியில் தெரியும் அவனது பிம்பம் அவனுடன் வாதாடுகிறது. பிறகு தெருவில் குதித்து அவனோடு ஆடுகிறது. கணினி இல்லாத காலம். கெலி இரண்டு தடவை தனித்தனியாக ஆட, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். இரண்டு முறையும் அவரது அடியும் கமெராவின் அசைவும் தாளத்தில் இம்மியும் பிசகக்கூடாது. இது நடவாத காரியம் என்று கருதினார் இயக்குநர் விடோர். அதை நடத்திக் காட்டியவர்கள் கெலியும், இருபது வயதையே எட்டாத அவருடைய உதவியாளர் ஸ்ரான்லி டொனனும். முடிவில் டனி குப்பைத் தொட்டியைத் தூக்கி அந்தக் கண்ணாடியில் எறிகிறான். பிம்பம் மறைகிறது.

ரீற்றா ஹேவேர்த்தின் கதையைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் அந்தக் கண்ணாடிக்கு வேறொரு பொருளும் வந்து சேர்கிறது. 1918இல் புரூக்ளினிலேயே பிறந்த அவருடைய பெயர் மார்கரீற்றா கார்மன் கன்சீனோ. தந்தை ஸ்பானிய நடனக் கலைஞர். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே தந்தைக்கு இணையாக மெக்சிக்கோ எல்லை நகரமான ரிஹுவானாவின் இரவு விடுதிகளில் ஆடியவர். அந்த முகம் திரைக்குப் போதாது என்றார்கள். ஸ்பானியப் பெயர் போனது. கருங்கூந்தல் சிவந்தது. நெற்றி அகலமாகத் தெரிவதற்காக முன்முடியின் வேர்களை மின்சாரத்தால் கருக்கினார்கள். முகத்தை நம்பாதே என்று போதிக்கும் படத்தின் நாயகியே, பிறர் இழுத்த கோட்டுக்குள் வரையப்பட்ட முகம்.

எஞ்சியிருந்தது குரல். அதையும் விடவில்லை. 'கவர் கேர்ள்' படத்தில் ரீற்றா பாடுவதாக நாம் கேட்பது மார்த்தா மியர்ஸ் என்பவரின் குரல். ஆட்டம் முடிந்து வெறுமையாகிவிட்ட விடுதியில் அவரும் கெலியும் பாடும் 'லோங் எகோ அண்ட் ஃபார் அவே' ஒஸ்கார் பரிந்துரை வரை சென்றது. படத்தின் இசைக்கோப்புக்கு விருதே கிடைத்தது. மியர்ஸின் பெயரோ படத்தின் எழுத்தோட்டத்திலும் இல்லை. 1942இல் 'ஹொலிடே இன்' படத்தில் பிங் குறொஸ்பியுடன் 'வைற் கிறிஸ்மஸ்' பாடலுக்குக் குரல் கொடுத்தவரும் இவரே. அங்கும் வாயசைத்தவர் வேறொரு நடிகை. 1946இல் வெளியான 'கில்டா'வில் ரீற்றாவுக்கு இன்னொரு குரல், அனிற்றா எல்லிஸ் என்பவருடையது.

அதே காலத்தில் நமது சினிமாவும் இந்த வழிக்கு வந்துகொண்டிருந்தது. 1945இல் ஏவி.எம். தயாரித்த 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி ருக்மிணியின் குரலை எடுத்துவிட்டு பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள். எனினும் இங்கே இரவல் குரல் இரகசியமாக நீடிக்கவில்லை. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, படத்தில் நடித்தவர் யார் என்பது தெரியாமற் போகலாம். பாடியவர் பெயர் தெரியாத பாட்டு அநேகமாக இல்லை. ஹொலிவூட்டில் அந்தப் பெயரை மறைப்பதே தொழில் ஒழுங்காக இருந்தது.

1952இல் கெலியும் டொனனும் இணைந்து இயக்கிய 'சிங்கிங் இன் த றெய்ன்' இந்த மோசடியையே கதையாகக் கொண்டது. மேடையில் நட்சத்திர நடிகை வாயசைத்துக்கொண்டிருக்க, திரையை விலக்கிப் பின்னால் நின்று பாடும் பெண்ணைச் சபைக்குக் காட்டுவார்கள். பாடும் பெண்ணாக வருபவர் டெபி றெய்னோல்ட்ஸ். கதைப்படி அந்த நட்சத்திரத்துக்காக அவர் குரல் கொடுக்கும் 'வுட் யூ' பாடலை உண்மையில் பாடியவர் பெற்றி நொய்ஸ். அவருடைய பெயரையும் எழுத்தோட்டத்தில் போடவில்லை.