யாருடைய நேரம்?

'பாட்டி ட்ரெய்னிங்' என்ற சொல்லே எங்கள் அத்தைக்கு வேடிக்கை. "பாட்டிக்கு எதுக்கு ட்ரெய்னிங்? பேரனுக்குத்தான வேணும்?" என்பார்.

அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் அதற்குப் பெயரும் கிடையாது, தொடங்கும் தேதியும் கிடையாது. ராசிபுரம் பக்கத்துக் கிராமம். தலை நின்ற குழந்தையை, நீட்டிய கால்களின் மேல் உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பார்கள். குழந்தை போய்விடும். இடுப்பில் பழைய வேட்டித் துணி. நனைந்தால் உடனே தெரியும், தெரிந்தவுடன் மாற்றிவிட யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தார்கள்.

இது நம்ம ஊர் வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களைப் பற்றி டிவ்ரீஸ் தம்பதியர் 1977இல் எழுதிய ஆய்வில் அச்சு அசலாக அதே காட்சி: தரையில் கால் நீட்டிய தாய், கால்களுக்கு நடுவே குழந்தை, வாயில் அதே மாதிரி ஒரு சத்தம். பிறந்த சில வாரங்களில் தொடங்கி ஐந்தாறு மாதத்தில் முடித்துவிடுகிறார்களாம்.

இதற்கு நேரெதிர் அமெரிக்க டாக்டர் பிரேசல்டன். 1,170 குழந்தைகளைப் பார்த்து 1962இல் அவர் எழுதியது, குழந்தை தயாராகும்வரை காத்திருங்கள் என்பது. அவர் பார்த்த குழந்தைகள் பகலில் நனைக்காமல் இருக்கச் சராசரியாக இரண்டேகால் வயது தாண்டிவிட்டது. பாம்பர்ஸ் கடைக்கு வந்தது 1961இல். பிற்பாடு அந்த விளம்பரத்தில் பிரேசல்டனே தோன்றினார். அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அது பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கும்.

அஸ்தம்பட்டியில், ஏற்காடு பஸ் திரும்புகிற ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரத்தில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. டைல்ஸ் தரை. இரண்டு பேருக்கும் வேலை. ஜனவரியில் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். ஜூனில் ப்ரீ-கேஜி. சீட் கிடைத்த பள்ளியின் படிவத்தில் ஒரு வரி: குழந்தை டயப்பர் இல்லாமல் வர வேண்டும்.

மூத்திரம் இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. மற்றதுதான் நின்றுபோனது. கதவுக்குப் பின்னால் போய், காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அடக்குவான். ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். கடைசியில் வரும்போது அலறல். அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்குவான் என்று டாக்டர் விளக்கினார். இப்படியே போனால் குடல் விரிந்து, வருகிற உணர்வே மங்கிவிடுமாம். இளக்க ஒரு சிரப் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. டயப்பர் கேட்டா போட்டு விடுங்க" என்றார்.

அது மே மாதம். ஜூனில் நாங்கள் அவனை அனுப்பவில்லை. கட்டிய பணம் திரும்ப வரவில்லை.

இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறானா, ஜட்டியைத் தானே இறக்குகிறானா, வருது என்று சொல்கிறானா என்று ஒரு பட்டியல் உண்டு. எல்லாமே குழந்தையைப் பற்றிய கேள்விகள். வீடு தயாரா என்று யாரும் கேட்பதில்லை. அத்தையின் முறைக்கு நாள் முழுக்க ஒரு ஆள் வேண்டும். டாக்டரின் முறைக்குப் பணம் வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்கிறவருடைய மகள் இரண்டு வயதிலிருந்து அங்கன்வாடி போகிறாள், டயப்பர் போட்டதே இல்லை. "அந்த வெல நமக்குக் கட்டுபடி ஆவாதுக்கா" என்றார். அங்கே நேரத்தைக் குறித்தது அந்த விலை. எங்களுக்குக் குறிக்கப் பார்த்தது ஒரு படிவம்.

அத்தை மட்டும் அவசரப்படவில்லை. தினமும் காலையில், கால் தரையில் பதிகிற மாதிரி ஒரு சின்ன மணையைப் போட்டு, அவனைப் பாட்டியில் உட்கார வைத்துக் கதை சொன்னார். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடுவார். ஆகஸ்டில் ஒரு நாள் யாரையும் கூப்பிடாமல் அவனே போய் உட்கார்ந்தான்.

ராத்திரிக்கு இன்னும் டயப்பர்தான். ஐந்து வயது வரை அது சகஜம் என்கிறார் டாக்டர். இந்த முறை வீட்டில் யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை.