மந்திரவாதியைக் கொல்ல யாரை அனுப்புவது?

பால்டர்ஸ் கேட் 2 விளையாட உட்காருபவனுக்கு முதல் சோதனை டிராகனும் இல்லை, வாம்பயரும் இல்லை. கதாபாத்திரத்தை உருவாக்கச் சொல்லும் முதல் திரைதான். ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத நேரத்தில், கடைசி வரை மாற்ற முடியாத ஒரு முடிவை எடுக்கச் சொல்கிறது அது. (ப்ளஸ் டூ முடித்தவுடன் குரூப் எடுத்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல :-) )

பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 2000-ல் வெளிவந்த ஆட்டம் இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பின் விதிகளை வைத்துச் செய்தது. ஃபைட்டர், பாலடின், மேஜ், தீஃப் என்று வழக்கமான கிளாஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'கிட்' என்று சில சிறப்புப் பிரிவுகள். கிட் எடுத்தால் ஒரு தனித் திறமை கிடைக்கும், பதிலுக்கு ஏதாவது ஒன்றை விட்டுக் கொடுக்க வேண்டும். அந்த விளக்கத்தில் சாதகம் முதலில் இருக்கும், பாதகம் கடைசியில் இருக்கும். புதிதாக வருகிறவன் சாதகத்தைப் படித்தவுடன் ஓகே அமுக்கிவிடுவான். பிரச்சனையே அங்கேதான்.

ஒரு மாணவன் செமஸ்டர் லீவில் இதை ஆரம்பித்தான். முதல் காட்சியிலேயே நாயகன் கூண்டுக்குள் கிடக்கிறான். ஐரெனிகஸ் என்ற மந்திரவாதி அவனைச் சித்திரவதை செய்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறான். பையனுக்கு ரத்தம் கொதித்தது. ஆட்டத்தை மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். ஃபைட்டர், அதற்குக் கீழே 'விசார்ட் ஸ்லேயர்'. மந்திரவாதியைக் கொல்ல மந்திரவாதிக் கொலைகாரனைத் தவிர வேறு யாரை அனுப்புவது?

பெயரைப் பார்த்து எடுத்த முடிவு. கணக்கு வேறு மாதிரி இருந்தது.

விசார்ட் ஸ்லேயர் ஒரு மந்திரவாதியை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும், அவனுடைய மந்திரம் தவறிப்போகும் வாய்ப்பு 10 சதவீதம் ஏறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு அடி விழுந்த பிறகும் ஐந்து மந்திரத்தில் ஒன்றுதான் சராசரியாகத் தவறும். நாலைந்து அடி சரியாக விழுந்தால் பல மந்திரவாதிகள் செத்தே போய்விடுவார்கள். அந்த வேலையைச் சாதாரண ஃபைட்டரும் செய்வான். அதிலும் இந்த ஆட்டத்து மந்திரவாதிகள் சும்மா நிற்பதில்லை. மிரர் இமேஜ் போட்டு நாலைந்து உருவமாகத் தெரிவார்கள், ஸ்டோன்ஸ்கின் போட்டு உடம்பைக் கல்லாக்கிக் கொள்வார்கள். அந்த அடியை விழ வைப்பதுதான் கஷ்டமே!

இதற்குக் கொடுத்த விலை என்ன? ஆயுதம், கவசம் தவிர மந்திர சக்தியுள்ள எந்தப் பொருளையும் அவன் போட முடியாது. மோதிரம், தாயத்து, மேலங்கி, இடைவார் எதுவும் கிடையாது. இந்த ஆட்டத்தில் பாதி சந்தோஷமே புதையலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் அவனுடைய கட்டத்தில் அந்தப் பொருள் சிவப்பாகத் தெரியும், 'உனக்கில்லை' என்று. பையன் ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தான்.

இப்போது அதே வேலைக்கு இன்னொருவரைப் பார்க்கலாம். ஆத்காட்லா நகரத்தில் கோயில்கள் இருக்கும் பகுதிக்குக் கீழே, சாக்கடைப் பாதையில் கெல்டார்ன் என்ற வயதான வீரர் வருவார். பாலடின் கிளாஸ், 'இன்குவிசிட்டர்' கிட். அவர் இழந்ததும் கொஞ்சம் இல்லை. கை வைத்துக் குணமாக்கும் சக்தி இல்லை, பேய் பிசாசுகளை விரட்டும் சக்தி இல்லை, பாலடினுக்குக் கிடைக்கும் பூசாரி மந்திரங்களும் இல்லை. பட்டியலைப் படித்தால் பாவமாக இருக்கும்.

கிடைத்ததில் முக்கியமானவை இரண்டு. மாயத் தோற்றங்களை உடைக்கும் ட்ரூ சைட், பாதுகாப்பு மந்திரங்களைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக். டிஸ்பெல் பலிக்குமா என்பது போடுகிறவரின் லெவலையும் எதிரியின் லெவலையும் பொறுத்தது. இன்குவிசிட்டருக்கு அவருடைய லெவல் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். 10-ம் லெவல் இன்குவிசிட்டர் 20 லெவல்காரரைப் போல டிஸ்பெல் போடுவார். எதிரே 18-ம் லெவல் மந்திரவாதி நின்றாலும் இவர் கை ஓங்கியே இருக்கும். ஒரு நொடியில் மிரர் இமேஜும் ஸ்டோன்ஸ்கின்னும் போய்விடும். அப்புறம் யார் அடித்தாலும் விழும். (நம்ம ஆட்கள் பக்கத்தில் நின்றால் அவர்களுடைய மந்திரமும் சேர்ந்து கலையும், அது வேறு கதை.)

இரண்டு பேரும் நிறைய இழந்தவர்கள்தான். ஒருவர் கொண்டாடப்படுகிறார், இன்னொருவன் கேலி செய்யப்படுகிறான். ஏன்?

இன்குவிசிட்டர் இழந்ததை அடுத்தவர் ஈடுகட்டலாம். குழுவில் ஆறு பேருக்கு இடம் உண்டு. ஒரு கிளரிக் இருந்தால் குணமாக்குவது, பேயை விரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் விசார்ட் ஸ்லேயர் இழந்த மோதிரத்தை அடுத்தவன் அவனுக்காகப் போட்டுக்கொள்ள முடியாது. ஒரு கிட்டை எடைபோட, அது என்ன தருகிறது என்பதைவிட, அது இழப்பதைக் குழுவில் வேறு யாராவது தர முடியுமா என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

கென்சாய் இதற்கு இன்னொரு உதாரணம். மூன்று லெவலுக்கு ஒரு முறை குறியும் அடியின் பலமும் ஒவ்வொரு புள்ளி ஏறும். ஆனால் கவசமே போட முடியாது. முன்வரிசையில் நிற்கும் வீரனுக்கு அது தற்கொலை. அதே கென்சாய் 9-ம் லெவலில் டூயல் கிளாஸ் செய்து மேஜாக மாறினால் கதையே வேறு. மேஜ் எப்படியும் கவசத்தோடு மந்திரம் போட முடியாது. அதனால் அந்த இழப்பு இழப்பே இல்லை, ஸ்டோன்ஸ்கின் கவசத்தின் வேலையைப் பார்க்கும். ஆனால் மனித இனத்துக்கு மட்டும்தான் இந்த வசதி. மேஜ் 10-ம் லெவலைத் தொடும் வரை, அதாவது 2,50,000 அனுபவப் புள்ளி சேரும் வரை, பழைய கென்சாய் திறமைகள் தூங்கிக்கொண்டிருக்கும். அதுவரை பொறுக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, அந்தத் திறமைக்கு எத்தனை தடவை வேலை வரும்? கேவலியர் கிட்டுக்கு டிராகனை அடிக்கத் தனி பலம் உண்டு. ஆனால் ஆட்டத்தில் வரும் டிராகன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மந்திரவாதிகளோ தெருவுக்குத் தெரு! வாம்பயர்களும் ஏராளம், அவை அடித்தால் லெவலே குறையும். பெர்சர்க்கர் கோபம் ஏறினால் அந்த நேரத்துக்கு லெவல் குறையாது, மயக்க மந்திரமும் பலிக்காது. கோபம் தணிந்தால் களைத்துப் போவான். நிரந்தரமாக இழப்பது வில் போன்ற தூர ஆயுதங்களில் சிறப்புத் தேர்ச்சியை மட்டும்தான். இவ்வளவு மலிவான கிட் ஃபைட்டர்களில் வேறு இல்லை.

அந்தப் பையன் இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது நாற்பது மணி நேரம் ஓடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தான். லீவில் மீதி இருந்தது ஆறு நாள். ஆரம்பிக்கவில்லை. போய் கெல்டார்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு சண்டைகள் ஒரே மாதிரி நடந்தன. கிழவர் டிஸ்பெல் போடுவார், பையனின் நாயகன் ஓடிப்போய் வெட்டுவான். டிராகன் குகையிலிருந்து வந்த கார்சோமிர் வாளும் பாலடினுக்கு மட்டும்தான் என்பதால் அதுவும் கிழவருக்கே போனது. கடைசியில் ஐரெனிகஸ் விழுந்தான். மந்திரவாதிக் கொலைகாரன் என்ற பட்டம் நாயகனிடம் இருந்தது, அந்த வேலையைச் செய்தவர் வேறொருவர்.

அடுத்த லீவில் அவன் மறுபடி அந்த முதல் திரைக்கு வந்தான். இந்தத் தடவை விளக்கத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தான்.